கல்லுள் உறங்கும் காற்று

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் கேத்தலின் உள்ளே வெண்ணிறப் படை ஒன்று படிவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். என் அன்னையார் அதனைப் புளியிட்டுத் தேய்த்துக் கழுவுவார். அதே நாட்களில் நான் பள்ளியில் காபன் வட்டம் வரைந்து, மரம், மாடு, புகை என அம்புக்குறிகளும் இட்டு, முழுப் புள்ளிகள் பெற்றேன். இரண்டும் ஒரே பாடம் என்பதை அன்று நான் அறியேன்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்கள் நீரில் கரைந்திருந்த காபனைக் கொண்டு தம் ஓடுகளைச் சமைத்தன. அவை மடிந்தன, ஓடுகள் கல்லாயின. இன்று மாரிமழை, காற்றிலும் வேர்மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலமாகி, அக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றைச் சேர்கிறது. காய்ச்சும்போது ஒரு பகுதி மீண்டும் கல்லாகப் படிகிறது. ஒரு பகுதி வாயுவாகிக் காற்றிற் கலக்கிறது.

நான் வரைந்த படத்தில் அம்புக்குறிகள் யாவும் ஒரே அளவின. அதுவே பெரும் பிழை என்பேன். இலை பெற்ற காபன், சருகு மக்கியதும் காற்றுக்கு மீள்கிறது. கல்லுட் புகுந்தது மீளக் கோடி ஆண்டுகள் வேண்டும். ஆனால் தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டால், 44 கிலோ காபனீரொட்சைட்டு உடனே வெளியேறிவிடும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதும் இத்தகைய அவசரமே. எரிமலைகளும் கக்குகின்றனவே என்பார் உளர். அவை ஆண்டுதோறும் விடுவது மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் 10 இலட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்கு இவ்வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

வட்டம் என்று கற்ற மாணவன், சென்றது எப்படியும் திரும்பிவிடும் என்று அமைதி கொள்கிறான். திரும்பும் என்பது மெய். நம் பேரர் காலத்துள் திரும்புமா என்பதன்றோ வினா?

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. கரும்பலகையில் வட்டம் வரையுமுன், பழங் கேத்தல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அதன் படைமீது சிறிது தேசிப்புளி விடுங்கள், குமிழிகள் எழும். அவற்றிலுள்ள காபனின் ஒரு பகுதி பழங்கடலில் வாழ்ந்த உயிர்களுடையது என்று சொல்லுங்கள். அம்புக்குறிகளைப் பின்னர் வரையலாம். ஒவ்வொன்றின் அருகிலும் அது செல்ல எடுக்கும் காலத்தையும் எழுதச் செய்யுங்கள்.