நுரை பொங்கினாதான் சுத்தமா? - ஒரு இழை

1/ ஆயக்குடியில இருந்துகிட்டு பவளப்பாறையப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க. எங்க ஓபி-ல உக்காந்திருக்கிற அக்காங்க கையில இருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்குது. கடைசி வரைக்கும் படிங்க.

2/ வாரத்துக்கு நாலஞ்சு பேராவது வருவாங்க. உள்ளங்கை தோல் உரிஞ்சு, விரல் இடுக்குல வெடிச்சு, உப்பு பட்டா எரியும். "எத்தன கரண்டி சோப்புத்தூள் போடுவீங்கக்கா?" "கணக்கெல்லாம் இல்ல சார். நுரை பொங்கற வரைக்கும் போடுவேன். நுரை வரலன்னா அழுக்கு போன மாதிரியே இல்லியே."

3/ இந்த ஒரு நம்பிக்கைய வச்சுதான் மொத்த வியாபாரமும் ஓடுது. அழுக்கையும் எண்ணெயையும் துணியில இருந்து பிரிக்கிறது சர்ஃபாக்டன்ட்ங்கிற வேதிப்பொருள். நுரை சும்மா கூட வர்றது. நுரையே கம்மியா வர்ற மாதிரி செஞ்ச மெஷின் பவுடரும் துணிய நல்லாத்தான் வெளுக்குது. விளம்பரத்துல மட்டும் நுரை மலை மாதிரி நிக்கும்.

4/ துணியில இருந்து எண்ணெய எடுக்கிற சரக்கு, தோலுக்குன்னு இருக்கிற எண்ணெயையும் சேத்தே எடுக்கும். அதான் கை வெடிக்குது. சரி, கையக் கழுவியாச்சு, மருந்து குடுத்தாச்சு. பக்கெட்ல இருந்த தண்ணி எங்க போச்சு?

5/ சாக்கடைக்கு. அங்க இருந்து குளம், ஓடை, ஆறு. எங்க பழனி பக்கத்துத் தண்ணி சண்முகநதி, அமராவதி, காவிரின்னு போற வடிநிலம். மாவட்டத்தோட தெக்குப் பக்கம், நிலக்கோட்டை வத்தலக்குண்டு ஏரியா, வைகைக்குப் போகும். அந்த வைகையில மதுரையோட கழிவும் சேருது. செல்லூர் கண்மாய்ப் பக்கம் வாய்க்கால்ல பஞ்சு பஞ்சா நுரை பொங்கின வீடியோவ எல்லாரும்தான் ஃபார்வர்ட் பண்ணோம்.

6/ வைகை முடியற இடம் பாக் நீரிணைக் கடற்கரை. அந்தக் கரையிலதான் மண்டபம், பாம்பன் பக்கம் பவளப்பாறை இருக்கு. அதுக்குத் தெக்க மன்னார் வளைகுடா, தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு. 1986-லயே தேசியப் பூங்கா ஆனது. அதுல 2 தீவு ஏற்கனவே முங்கிப் போச்சு. வைகை வருஷம் பூரா கடல் வரைக்கும் ஓடறதில்லதான். ஆனா ஆத்துல தேங்கினத வெள்ளம் ஒரே தள்ளா தள்ளிட்டுப் போகும். கடலோர ஊர்களுக்கு வெள்ளமும் வேணாம். தூத்துக்குடி பக்கிள் ஓடை நேராவே கடல்லதான் விழுது.

7/ பவளம் ஒரு உயிர். அதுக்குள்ள குடியிருக்கிற நுண்பாசி வெயில்ல சமைச்சுப் போடறதுதான் அதோட முக்கியமான சாப்பாடு. அதுக்குத் தெளிஞ்ச, சத்து கம்மியான தண்ணி வேணும். நாம அனுப்பறது பாஸ்பேட். அது பாசிக்கு உரம். வெளியில பெரிய பாசி மண்டி பவளத்த மூடும், வெளிச்சத்த மறைக்கும், குட்டிப் பவளம் ஒட்டறதுக்கு இடம் விடாது.

8/ "பவளம் சாகறது கடல் சூடாகறதாலதான டாக்டர்?" ஆமா, பெரிய கொலையாளி சூடுதான். 2010, 2016 ரெண்டு வருஷமும் மன்னார் வளைகுடா வெளுத்துச்சு. ஆனா நிமோனியா வந்தவன் பிழைக்கிறதும் பிழைக்காததும் உடம்புல தெம்பு இருக்கறதப் பொறுத்தது. அழுக்குத் தண்ணி அந்தத் தெம்பத்தான் உருவுது.

9/ "பாஸ்பரஸ் மனுசக் கழிவுலயும்தான் வருது." கரெக்ட். வயித்துக்கு சட்டம் போட முடியாது. சோப்புத்தூளுக்குப் போடலாம்ல? ஸ்விட்சர்லாந்து 1986-ல துணி சோப்புத்தூள்ல பாஸ்பேட்ட தடை பண்ணுச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல இருந்து கடுமையான வரம்பு வச்சிருக்கு. அங்க யாரும் அழுக்குச் சட்டை போட்டுட்டுத் திரியல.

10/ இங்க? 1991-ல ஈகோமார்க்னு ஒரு முத்திரை கொண்டு வந்தாங்க. இஷ்டப்பட்டா வாங்கலாம், இல்லன்னா வேணாம். பாஸ்பேட்டுக்கு கட்டாய வரம்பு இல்ல. ஆனா பவளம் வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே அட்டவணை. கடப்பாரைய எடுத்துட்டு பவளத்த உடைக்கப் போன ஏழை மேல கேஸு. பாக்கெட் போட்டு வித்தவனுக்கு ஒண்ணுமில்ல.

11/ "இனிமே என்ன பண்ணி என்ன ஆகப் போகுது"ன்னு சொல்றவங்களுக்கு: ஹவாயில கனியோகே விரிகுடா. பல வருஷம் சாக்கடை விட்டு, பாசி பவளத்த மூடிருச்சு. 1977-78-ல கழிவுக் குழாய அங்க இருந்து ஆழ்கடலுக்குத் திருப்பினாங்க. பாசி குறைஞ்சது, பவளம் திரும்ப வளந்துச்சு. நோய்க்குக் காரணத்த நிறுத்தினா உடம்பு தன்னால தேறும்.

12/ அரசாங்கத்துக்கிட்ட கேக்கறது மூணு. பாஸ்பேட்டுக்கு கட்டாய வரம்பு. பாக்கெட் மேல என்ன இருக்குன்னு தமிழ்ல, படிக்கிற சைஸ்ல. சுத்திகரிக்காத சாக்கடை ஆத்துலயும் கடல்லயும் விழக்கூடாது. பழிய குடும்பத்துப் பொம்பளைங்க தலையில கட்டாதீங்க. நுரை வேணும்னு சொல்லிக் குடுத்தது அவங்க இல்ல.

13/ அதுவரைக்கும் நம்ம கையில இருக்கறது: அளவு கரண்டி வச்சுப் போடுங்க. அழுக்கு கம்மியா இருந்தா பாதி. துணிய முதல்ல ஊற வைங்க. மெஷின்னா நிறைய சேத்து ஒரே தடவை. கை வெடிச்சவங்க கிளவுஸ் போடுங்க, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவுங்க.

14/ அந்த அக்கா ஒரு மாசம் கழிச்சு வந்தாங்க. கை பாதிக்கு மேல ஆறியிருந்துச்சு. "பாதி தூள்லயே வெளுக்குது சார். இத்தன நாளு காசத்தான் கரைச்சிருக்கேன்"னாங்க. காச மட்டும் இல்லக்கா.