பிறை பார்த்து உழைப்போம், பிறை பார்த்து ஓய்வோம்

கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் சேமிப்புக் குழுவினருக்காக நாம் ஒருமுறை இரண்டு நாட் பயிற்சி வகுப்பு ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். மண்டபம் தயார், வளவாளர் தயார், மதிய உணவும் தயார். ஆனால் பாதிக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. "பங்குபற்றுநரிடையே ஆர்வம் குறைவு" என்று அறிக்கையில் எழுதி அனுப்பினோம். சில வாரங்களின் பின்னர் அக்கிராமத்துத் தாய் ஒருவர்தான் எமக்கு விடயத்தை விளக்கினார். நாம் வகுப்பு வைத்தது அமாவாசைக்கு முதல் நாளும் அமாவாசையன்றும். இருட்டுக் காலத்தில் வள்ளங்கள் நிறைந்து வரும். விடியற்புறமே பெண்கள் கரையில் நிற்கவேண்டும். வலையிலிருந்து மீன் கழற்றவேண்டும், விற்கவேண்டும், எஞ்சியதை வெட்டி உப்பிட்டுக் கருவாட்டுக்குப் போடவேண்டும். பறுவத்தை ஒட்டி அழைத்திருந்தால் எல்லோரும் வந்திருப்பார்கள் என்று அவர் சொன்னார்.

ஆர்வம் அவர்களிடம் குறைந்திருக்கவில்லை. திகதி குறிக்கும்போது வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எம்மிடந்தான் இல்லாமற் போயிருந்தது. இந்த அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இப்பொழுது நகரங்களிலே ஒரு புதுப் பழக்கம் பரவி வருகின்றது. அமாவாசையன்று இலக்குகளைக் குறித்துக்கொள், வளர்பிறையில் முயற்சி செய், பூரணையில் பலனைப் பார், தேய்பிறையில் ஓய்வெடு என்று புத்தகங்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் போதிக்கின்றன. பிறை பார்த்து வாழ்வது எமது கிராமங்களுக்குப் புதிதல்ல. ஆயினும் எல்லோருக்கும் ஒரே பிறையில் ஒரே வேலை என்று விதிப்பது சரிதானா? அந்த ஓய்வு எவருக்குக் கிடைக்கின்றது? இவற்றைப் பற்றி நாம் சிந்திக்கவேண்டியுள்ளது.

ஒரே நிலவு, இரண்டு நாட்காட்டி

மீனவக் கிராமத்துக்கு நிலவு ஒரு முதலாளி போன்றது. வேலைக்கு அழைப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே வழிவலையில் படும் மீன் குறையும். வெளிச்சம் காட்டி மீனையோ கணவாயையோ கவர்ந்து பிடிப்பவர்களுக்கும் வானமெல்லாம் வெளிச்சமாயிருந்தால் அவர்களது விளக்குக்கு மதிப்பில்லை. களப்பு இறாலும் இருட்டிலேதான் அதிகம் நடமாடும். அமாவாசையும் பூரணையும் வரும்போது சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் கடலின் வற்றும் பெருக்கும் கூடி நீரோட்டமும் வலுக்கும். சோளகமும் வாடையும் இவற்றையெல்லாம் மாற்றக்கூடும் என்பது உண்மையே. ஆனாலும் பல கரையூர்களில் இருட்டுக் காலம் உழைப்புக்கும், பறுவத்தை ஒட்டிய நாட்கள் வலை பொத்துவதற்கும் வள்ளம் திருத்துவதற்கும் உடம்பை ஆற்றிக்கொள்வதற்கும் உரியனவாக இருந்து வருகின்றன.

உட்பகுதியிலுள்ள நெற்செய்கைக் கிராமங்களில் இதற்கு நேர்மாறு. மின்சாரம் வராத காலத்தில் அங்கே நிலவுதான் விளக்கு. நிலவு வெளிச்சத்தில் சூடடித்தார்கள். நாட்டுக்கூத்துப் பழகினார்கள், ஆடினார்கள். காணிப் பிணக்கும் வாய்க்கால் பிணக்கும் பேசித் தீர்க்கக் கூடினார்கள். யானை நடமாடும் பாதைகளிலே கூட்டம் முடிந்து வீடு திரும்புவதற்கு இன்றைக்கும் நிலவு பெரிய துணை. அமாவாசையன்றோ ஏர் பூட்டுவதில்லை என்ற வழக்கம் பல தமிழ்க் கிராமங்களில் இருந்தது. மாடும் மனிதனும் அன்று ஓய்ந்தனர்.

பாருங்கள், கடற்கரையில் அமாவாசை உழைப்புக்குரியது. வயற்கரையில் அதே அமாவாசை ஓய்வுக்குரியது. நிலவிலே தனியான மந்திரசக்தி எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வளர்பிறையில் விதைத்தால் விளைச்சல் கூடும் என்ற நம்பிக்கையையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. குளத்திலே நீர் இல்லாதபோது வளர்பிறை என்ன செய்யும்? நிலவு எமக்குத் தருவது ஒரு பொது அடையாளத்தை மாத்திரமே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்து அறியக்கூடிய, விலை கொடுத்து வாங்கவேண்டியிராத, ஊரார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியக்கூடிய நாட்காட்டி அது. கூடி வேலை செய்வதற்கும் கூடி ஓய்வதற்கும் அந்த அடையாளம் போதுமானது.

நாடே பிறை பார்த்து ஓய்ந்த காலம்

எமது நாடு முழுவதுமே ஒரு காலத்தில் பிறை பார்த்து விடுமுறை எடுத்ததை இளைய தலைமுறையினர் அறிந்திருக்கமாட்டார்கள். 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு வார விடுமுறைகள் நீக்கப்பட்டு, போயா தினமும் அதற்கு முந்திய தினமும் வார விடுமுறையாக்கப்பட்டிருந்தன. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி என மாதத்தில் நான்கு போயாக்கள். சந்திர மாதத்துக்கு ஏறக்குறைய 29½ நாட்கள். அதை நான்காகப் பிரித்தால் முழு எண் வராது. எனவே சில வாரங்களுக்கு ஏழு நாள், சில வாரங்களுக்கு எட்டு நாள் என்றாயிற்று. விடுமுறை இன்று திங்களில் என்றால் சில வாரங்களில் செவ்வாய்க்கும் புதனுக்கும் நகர்ந்துவிடும்.

பௌத்த மக்களின் நீண்டகால வேட்கை ஒன்று அதனால் நிறைவேறியது. அதை நாம் மதிக்கவேண்டும். கிறிஸ்தவர்களாகிய எமக்கோ ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை நாளாயிற்று. வேலைக்கும் பாடசாலைக்கும் இடையில் ஆராதனைக்கு நேரம் தேடவேண்டியிருந்தது. வெளிநாடுகளோடு வணிகம் செய்வோருக்கும் பெருஞ் சங்கடம். அவர்களுடைய வேலை நாளும் எங்களுடைய வேலை நாளும் பொருந்தவில்லை. 1971இல் சனி, ஞாயிறு விடுமுறைகள் மீண்டும் வந்தன. பூரணைப் போயா மாத்திரம் பொது விடுமுறையாக நிலைத்தது. இன்றும் அவ்வாறே உள்ளது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பிறை பார்த்து ஓய்வது தவறு என்பதல்ல. நகரத்து வங்கிக்கும், துறைமுகத்துக்கும், தேயிலைத் தோட்டத்துக்கும், கரைவலைக் கிராமத்துக்கும் மேலிருந்து ஒரே ஓய்வு நாளைக் கட்டளையிட்டால் அது எங்கேயோ ஓரிடத்தில் எவரையோ அழுத்தும். ஓய்வு நாளைத் தெரிந்தெடுக்கும்போது உழைப்பவருடைய குரலும் கேட்கப்படவேண்டும்.

விவிலியம் காட்டும் வழி

நிலவு எமது விசுவாச வாழ்வுக்கும் அந்நியமானதல்ல. இளவேனிற் பூரணையை ஒட்டியே பாஸ்கா விழா கொண்டாடப்பட்டது. இன்றும் மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிறே திருச்சபை கணிக்கும் உயிர்ப்புப் பெருவிழா. பெரிய வியாழன் இரவில் ஆண்டவர் கெத்சமனியில் வியர்வை சிந்தியபோது மேலே பெருநிலவு நின்றிருக்கும் என்பது எமது மீனவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இஸ்ரயேல் மக்கள் அமாவாசை நாளைப் புனித நாளாகக் கொண்டதையும் அன்று பலி செலுத்தியதையும் எண்ணிக்கை நூல் 28ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த நாள் எப்போது முடியும், தானியத்தை எப்போது விற்கலாம் என்று பொறுமையிழந்து நின்ற வியாபாரிகளை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துகொள்கிறார். அவர்கள் மரக்காலைச் சிறிதாக்கி எளியவரை ஏய்த்தவர்கள். மறுபுறத்தில், கையில் இரத்தக்கறையை வைத்துக்கொண்டு கொண்டாடும் அமாவாசைகளைத் தாம் வெறுப்பதாக எசாயா வழியாக ஆண்டவர் கூறுகிறார். ஓய்வு நாளைக் குறுக்குவதும் பாவம். நீதியில்லாமல் ஓய்வு நாளைக் கொண்டாடுவதும் பாவம். ஏழாம் நாள் ஓய்வுக்கு விடுதலைப் பயண நூல் காட்டும் காரணமும் கவனிக்கத்தக்கது. மாடும் கழுதையும் இளைப்பாறவேண்டும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் மூச்சுவிடவேண்டும் என்பதே அது. முதலாளியின் ஓய்வைப்பற்றி அங்கே தனியாகக் கூறப்படவில்லை.

எவருடைய ஓய்வு?

இந்த அளவுகோலைக் கொண்டு எமது கிராமங்களைப் பார்ப்போம். பறுவத்தில் வள்ளம் கரையில் நிற்கிறது. ஆண்கள் மரநிழலில் கடுதாசி விளையாடுகிறார்கள், அல்லது உறங்குகிறார்கள். பெண்ணுக்கு அன்று அடுப்பு அணைகிறதா? தண்ணீர் அள்ளும் வேலை நிற்கிறதா? எல்லோரும் வீட்டில் நிற்பதால் சமையல் கூடுகிறது. கையில் காசு இல்லாததால் கவலையும் கூடுகிறது. போயா விடுமுறை மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு. நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் கூலியில்லாத நாள்.

இதற்கு மேலாக, கடன். நுண்நிதிக் கடன்களின் தவணை பெரும்பாலும் வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒரே தொகையாக அறவிடப்படுகிறது. இருட்டுக் காலத்து வாரத்திலும் அதே தொகை, பறுவத்து வாரத்திலும் அதே தொகை. மீன் படாத வாரத்தில் பெண் என்ன செய்வாள்? அந்தத் தவணையைக் கட்ட இன்னோர் இடத்தில் கடன் படுவாள். அல்லது தோட்டை அடகு வைப்பாள். வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னர் எத்தனையோ குடும்பங்கள் இவ்வாறு ஒரு கடனை அடைக்க மறு கடன் பட்டுச் சீரழிந்ததை நாம் கண்ணாற் கண்டோம். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்கவேண்டி வந்தது. வருமானம் வரும் காலம் ஒன்று, கடன் கேட்கும் காலம் வேறொன்று என்றிருப்பது அந்தத் துயரத்தின் காரணங்களுள் ஒன்று.

குற்றம் கடன் கொடுப்போரிடம் மாத்திரம் இல்லை. அபிவிருத்தி நிறுவனங்களாகிய நாமும் மார்ச் 31, ஜூன் 30 என்று காலாண்டு முடிவைப் பார்த்தே இலக்குக் குறிக்கிறோம். இலக்கு நிறைவேறவேண்டும் என்ற அவசரத்தில் மக்கள் ஓயவேண்டிய நாளில் சிரமதானம் வைக்கிறோம், உழைக்கவேண்டிய நாளில் கூட்டம் வைக்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாமல் இப்போதே தொடங்கக்கூடிய சில காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் மீன்பிடிச் சங்கமும், கமக்காரர் அமைப்பும், மாதர் சங்கமும் ஒன்றாகக் கூடி, பெரிய கடதாசி ஒன்றிலே ஒரு சந்திர மாதத்தை வட்டமாக வரையவேண்டும். எந்தப் பிறையில் எவருக்கு என்ன வேலை, எப்போது காசு வரும், எப்போது வராது என்பவற்றை அதில் குறிக்கவேண்டும். ஆண்கள் ஒரு வட்டமும் பெண்கள் வேறொரு வட்டமும் வரைந்து இரண்டையும் அருகருகே தொங்கவிட்டால் பேச்சு தானாகத் தொடங்கும்.

இரண்டாவது, சங்கத்தின் இலக்குகளை ஆண்டுக்கு ஒன்று எனப் பெரிதாக வையாமல், ஒரு பறுவத்திலிருந்து அடுத்த பறுவத்துக்குள் முடிக்கக்கூடிய சிறிய இலக்குகளாக வைக்கலாம். கிணறு ஒன்றை இறைத்துத் துப்புரவாக்குதல், வேலி ஒன்றை அடைத்தல், சேமிப்புப் புத்தகங்களைச் சரிபார்த்தல் போன்றவை. முடியாதவற்றை அடுத்த மாதத்துக்கு வெட்கமின்றி எடுத்துச் செல்லலாம்.

மூன்றாவது, எமது சேமிப்புக் குழுக்களிலாவது தவணையை வருமானத்துக்கு ஏற்ப மாற்றுவோம். மீனவக் கிராமமென்றால் இருட்டுக் காலத்தில் கூடுதலாகவும் பறுவத்தை ஒட்டிய வாரத்தில் குறைவாகவும் கட்டட்டும். மாத முடிவிற் கணக்கு ஒன்றாகத்தான் வரும். குடும்பத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நான்காவதே முக்கியமானது. ஓய்வையும் ஓர் இலக்காக எழுதவேண்டும். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதாவது பெண்கள் அடுப்பிலிருந்து விடுபடும் நேரமாகட்டும். நாலைந்து வீடுகளுக்கு ஒரே சமையல், அதை ஆண்களும் இளைஞரும் பொறுப்பெடுக்கட்டும். அன்றைக்குக் கூட்டமில்லை, கடன் வசூலில்லை, பயிற்சியில்லை. எமது பணியாளரும் அன்று கிராமத்துக்குப் போகவேண்டாம். போனாலும் பாயில் இருந்து கதைத்துவிட்டு வரட்டும்.

பல மீனவக் கத்தோலிக்கக் கிராமங்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டை முன்னோர் வைத்திருந்தார்கள். நல்ல மீன் படும் இருட்டுக் காலத்து ஞாயிறிலும் அதைக் காத்தார்கள். நிலவு ஓயச் சொல்லாத நாளிலும் ஊர் கூடி ஓயத் தீர்மானித்தது அது. ஒருவர் மாத்திரம் போகாமல் விட்டால் அவருக்கு நட்டம். எல்லோரும் போகாமல் விட்டால் அது ஊருக்கு ஓய்வு. நிலவு நாளைக் காட்டும், ஓய்வை நாமே ஒருவருக்கொருவர் கொடுக்கவேண்டும்.

அடுத்த பறுவத்தன்று உங்கள் சங்கம் கூடும்போது இக்கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். பின்பு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: சென்ற மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு நாளாவது ஓயாமல் இருந்தவர் யார்? வரும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்களது அடுத்த திட்டம் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கட்டும். நாமும் எமது அடுத்த பயிற்சி வகுப்புக்குத் திகதி குறிக்குமுன் வானத்தைப் பார்த்துக்கொள்வோம்.