துலாக்கோலும் வாணிகமும் ஒரே கையில்
– இலங்கைத் துறைமுக நிருவாகம் குறித்து –

இலங்கையின் துறைமுகங்களைப் பற்றிய விவாதம் கடந்த கால் நூற்றாண்டு காலமாக ஒரே வினாவைச் சுற்றியே சுழன்று வருகின்றது. விற்பதா, விற்காதிருப்பதா என்பதே அவ்வினா. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, யப்பான் ஆகிய நாடுகளுடன் கூட்டாக நடத்துவதற்கு 2019 இல் ஓர் உடன்பாடு காணப்பட்டது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டபோது, ஒரு சாரார் தேசத்தின் வெற்றியெனக் கொண்டாடினர். மறுசாரார் முதலீட்டாளர் நம்பிக்கைக்கு விழுந்த அடியெனப் புலம்பினர். அதே ஆண்டு செப்டெம்பரில் மேற்கு முனையம், அதானி குழுமத்தைப் பெரும் பங்காளராகக் கொண்ட கம்பனிக்கு 35 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அப்பொழுது முன்னையதை ஒத்த கிளர்ச்சி எழவில்லை. கிழக்கில் விற்பனையாகத் தோன்றியது மேற்கில் முதலீடாகத் தோன்றியது போலும்!

இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். முனையத்தை நடத்துபவர் எவராயினும் அவரை அளப்பவர் யார், அளவு பிழைத்தால் தண்டிப்பவர் யார், புதிய துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்பவர் யார் என்று அவர்களுள் எவரும் வினவுவதில்லை. நாட்டுக்கு நேர்ந்த பெருநட்டங்கள் பெரும்பாலும் இந்த வினவப்படாத வினாவின் வழியே நேர்ந்தவையாகும்.

இலங்கைத் துறைமுக அதிகாரசபை 1979 ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டு அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி கடமையை ஏற்றது. 1913 இல் தோன்றிய கொழும்புத் துறைமுக ஆணைக்குழு, சரக்கேற்றி இறக்கும் தொழிலை 1958 இல் அரசு பொறுப்பேற்றபோது எழுந்த துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம், 1967 இல் அமைந்த கணக்கெடுப்பு, பாதுகாப்புச் சேவைகளுக்கான கூட்டுத்தாபனம் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கின. ஒரு கப்பலின் அலுவலுக்கு மூன்று வாயில்களைத் தட்டவேண்டியிருந்த காலத்தில் இவ்விணைப்பு அறிவுடைச் செயலே. யப்பானியக் கடனுதவியுடன் ஜய கொள்கலன் முனையம் 1985 இல் இயங்கத் தொடங்கியமையும், தெற்காசியாவின் கொள்கலன்கள் கொழும்பை நாடி வந்தமையும் அதன் பயன்களாகும். அன்று துறைமுகத்தில் தொழில் செய்பவர் ஒருவரே, அவர் அரசே. தன்னைத் தானே ஒழுங்குறுத்துவதில் உள்ள இடர்ப்பாடு அன்று எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

1999 இல் நிலைமை மாறியது. இராணி எலிசபெத் இறங்குதுறை 30 ஆண்டுகளுக்குத் தனியார் கம்பனியொன்றிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் தெற்குத் துறைமுக விரிவாக்கம் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2007 இல் வழங்கிய 300 மில்லியன் டொலர் கடனைக்கொண்டு அலைத்தடுப்பு அணை கட்டப்பட்டு, ஆழம் 18 மீற்றராக்கப்பட்டது. அவ்வணையின் நிழலில் சீன நிறுவனமொன்று 85 வீதப் பங்குடன் அமைத்த முனையம் 2013 இல் திறக்கப்பட்டது. மேற்கு முனையம் 2025 ஏப்பிரலில் இயங்கத் தொடங்கியது. இம்மூன்றிலும் அதிகாரசபைக்கு 15 வீதப் பங்குண்டு. அதேவேளை ஜய முனையத்தை அதுவே நடத்துகின்றது. கிழக்கு முனையமும் அதனுடையதே.

ஆகவே இன்று அதிகாரசபை நிலக்கிழாராக வாடகை வாங்குகின்றது. பங்காளராக இலாபத்தில் கைநீட்டுகின்றது. போட்டியாளராக அதே கப்பல்களைத் தன் முனையத்துக்கு அழைக்கின்றது. திட்டமிடுநராக எவ்விடத்தில் எப்பொழுது புதிய முனையம் எழவேண்டுமெனத் தீர்மானிக்கின்றது. இவையனைத்துக்கும் மேலாக விதிகளை இயற்றி நடுவராகவும் அமர்கின்றது. இங்கு குறை கூறப்படுவது அதிகாரிகளின் நேர்மையன்று. நேர்மையிற் சிறந்த ஒருவரை அவ்வாசனத்தில் இருத்தினாலும், கிழக்கு முனையத்துக்குப் பாரந்தூக்கிகள் வாங்குவதைத் துரிதப்படுத்துவதா தாமதிப்பதா என்ற வினா எழும்போது அவருடைய ஐந்து முகங்களும் ஐந்து விடைகளைக் கூறும். கிழக்கு முனையத்தின் முதற்பகுதி 2015 அளவிலேயே கட்டி முடிக்கப்பட்டும் பல ஆண்டுகள் வாளாவிருந்தது. கட்டியவரே நடத்துநர், நடத்துநரே கண்காணிப்பாளர் என்றிருக்கையில், அத்தாமதத்தின் விலையைக் கணித்து நாட்டுக்கு அறிவிக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

திட்டமிடலின் கதை இதனினும் துயரமானது. அம்பாந்தோட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கனேடிய நிறுவனம் தயாரித்த சாத்தியக்கூற்று அறிக்கையை 2003 இல் அரசு நியமித்த குழு ஏற்க மறுத்தது. புதிய துறைமுகம் கொழும்பை எவ்வாறு பாதிக்கும் என்பதை அவ்வறிக்கை ஆராயவில்லை என்பது காரணம். எத்துணைச் சரியான வினா! பின்னர் டென்மார்க்கு நிறுவனமொன்று 2006 இல் அளித்த அறிக்கை, முதலில் கொள்கலனல்லாத எளிய சரக்குகளைக் கையாண்டு வருவாய் ஈட்டி, அதன் பின்னரே விரிவாக்கத்தில் இறங்கலாம் என்ற போக்கில் அமைந்தது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் 307 மில்லியன் டொலர் 6.3 வீத வட்டிக்குப் பெறப்பட்டு, முதற்கட்டம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. வருவாய்க்குக் காத்திருக்கும் பொறுமை எவரிடமும் இருக்கவில்லை. 2012 இல் இரண்டாங் கட்டத்துக்கென மேலும் 757 மில்லியன் டொலர் கடன் பெறப்பட்டது.

இக்கடன்களின் சுமையைத் தாங்கியது கொழும்புத் துறைமுகம் ஈட்டிய பணமேயாகும். 2017 யூலையில் அம்பாந்தோட்டை 1.12 பில்லியன் டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது, அப்பணத்தால் அக்கடன் தீர்ந்துவிட்டதெனப் பலர் இன்றும் நம்புகின்றனர். கடன் தீரவில்லை. குத்தகைப் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குச் சென்றது. கடன் அதிகாரசபையின் ஏட்டிலிருந்து திறைசேரியின் ஏட்டுக்கு மாறியது. சீனத்தின் சூழ்ச்சி என்று இதற்குப் பெயரிட்டு ஆறுதலடைவோர் உளர். வெளியார் விரித்த வலையைக் காட்டிலும், சொந்த நிபுணரின் ஆலோசனையைப் புறந்தள்ளினால் தடுத்து நிறுத்த ஓர் உள்நாட்டு நிறுவனமும் இல்லாமற் போனதே பெரிது. துறைமுக அமைச்சர் விரும்பினார். அமைச்சருக்குக் கட்டுப்பட்ட அதிகாரசபை கடனாளியாயிற்று.

அம்பாந்தோட்டையைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. ஒலுவிலைப் பற்றி எழுதுவார் அரியர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அக்கரையோரக் கிராமத்தில், ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ டென்மார்க்குக் கடனுடன் கட்டப்பட்ட துறைமுகம் 2013 செப்டெம்பர் முதலாந் திகதி பெருவிழாவுடன் திறக்கப்பட்டது. தென்கிழக்கு மக்களின் நெடுநாட் கனவு அது. அக்கனவைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. கனவுக்கு வரைபடம் வரைந்தோரே கேள்விக்குரியோர். கிழக்குக் கரையின் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலைகளின் சரிவான வீச்சினால் அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாது நகர்ந்துகொண்டிருக்கும். அந்நகர்வின் குறுக்கே கடலுள் அணை நீட்டினால், தெற்கே மணல் குவியும். வடக்கே வரவேண்டிய மணல் வராதொழியக் கடல் நிலத்தைத் தின்னும். கரையோரப் பொறியியலின் தொடக்கப் பாடம் இது. ஒலுவிலில் நிகழ்ந்ததும் எழுத்துப் பிசகாமல் இதுவே. துறையின் வாயிலை மணல் அடைத்தது. வடக்கே ஒலுவில் தொடங்கி நிந்தவூர் வரை தென்னந்தோப்புகளும் கரைவலை இழுக்கும் வாடிகளும் கடலோடு போயின.

வணிகத் துறைமுகம் என்ற வகையில் அது இயங்கியதென்று கூறுவதற்கில்லை. மீன்பிடிப் படகுகளே அதனைப் பயன்படுத்த முயன்றன. மணற்றிட்டு அவற்றையும் மறித்தது. அதன்மேல் எழுந்ததோ பரிதாபமான ஒரு பிணக்கு. வாயிலைத் தோண்டுக என்றனர் மீனவர். தோண்டிய மணலை எங்கள் கரைக்குத் தருக என்றனர் நிலமிழந்தோர். ஒரே ஊரின் இரு பகுதியினர் ஒரு குவியல் மணலுக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இரு பகுதியினரின் வழக்கையும் கேட்கக் கடப்பாடுடைய மன்று எது? அணை கட்டியது துறைமுக அதிகாரசபை. கரையைக் காப்பது 1981 ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். படகுகள் கடற்றொழில் அமைச்சின் பொறுப்பு. ஒருவர் ஆக்கிய கேட்டுக்கு மற்றவர் கல்லிட்டுக் கரைகட்ட, மூன்றாமவர் நிதியில்லையெனக் கைவிரிக்க, கடல் மட்டும் தன் கடமையை இடையறாது செய்தது.

அதிகாரங்கள் ஓரிடத்தில் குவிவதும் கேடு, எவரும் பொறுப்பேற்காவண்ணம் சிதறுவதும் கேடு. பின்னையதற்கு 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் சான்று. நைத்திரிக்கமிலம் கசிந்த கொள்கலனை இறக்குவதற்குக் கத்தாரின் ஹமாத் துறையிலும் இந்தியாவின் ஹசீராத் துறையிலும் இடங்கிடைக்காத நிலையிலேயே அக்கப்பல் இங்கு வந்தது. 1,486 கொள்கலன்களுடன் அது அழிந்து மூழ்கியது. அதிகாரசபை, வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகம், 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை எனப் பொறுப்புடையோர் பலர் இருந்தனர். உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது 2025 யூலையில். நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் உரைத்ததை, கப்பல் எல்லைக்குள் வருமுன்னரே கேட்டிருக்க வேண்டிய வாய் ஒன்று இருந்திருத்தல் வேண்டும்.

தனியான ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு என்றவுடன் சிலர் இந்தியாவைச் சுட்டுவர். அங்கு பெருந்துறைமுகங்களின் கட்டணங்களை நிர்ணயிக்க 1997 இல் ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2021 இன் சட்டம் அதனை நீக்கியது. தோற்றுப்போன மாதிரியை இங்கு ஏன் கொணர்வது என்பர். அச்சட்டத்தை முழுவதும் படித்தோர் அவ்வாறு கூறார். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் துறைமுகங்களுக்கே விடப்பட்டது. ஆயின் பிணக்குகளைத் தீர்க்கத் துறைமுகங்களுக்குப் புறம்பான தீர்ப்பாயம் ஒன்று அதே சட்டத்தில் இடம்பெற்றது. விலையை அரசு எழுதுவது வேறு. நடுவரை வேறாக வைப்பது வேறு.

இலங்கை சிறிய நாடு, இத்தனை நிறுவனங்களை அது தாங்காது என்பது மற்றொரு தடை. மின்சாரத்தை ஒழுங்குறுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை 2002 ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இச்சிறிய நாடே அமைத்தது. மின்கட்டணத்தை உயர்த்துமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் அதனால் வந்தது. அவ்வாணைக்குழு குறையற்றதன்று, அரசுகள் அதனை வளைக்க முயன்றதும் உண்டு. எனினும் மின்சார சபையின் கணக்கை வெளியார் ஒருவர் உரத்துப் படிக்கின்றார். துறைமுகத்தின் கணக்கை அவ்வாறு படிப்பவர் இலர். இந்தியாவின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்தில் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது. கொழும்பு கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கப்பல் மாற்றிச் செல்வன. அவற்றுள் பெரும்பகுதி இந்தியச் சரக்கே. இத்தகைய போட்டிக்கு நடுவே இனியும் மதிப்பீட்டில் பிழைக்க இந்நாட்டுக்கு வசதியில்லை.

அடுத்த முதலீட்டின் முகவரி காங்கேசன்துறையாகும். மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்திய உதவி அகற்றிற்று. 2018 இல் 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடன் ஏற்பாடாயிற்று. ஆண்டுகள் பல கடந்தபின் 2024 இல் 61.5 மில்லியன் டொலரை மானியமாக ஏற்க அமைச்சரவை இசைந்தது. நாகபட்டினத்துக்கான கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டது. வடக்கின் மக்கள் இத்துறையை விரும்புகின்றனர். போரில் அடைபட்ட வாயில் திறப்பதை விரும்பாதார் யாவர்? மானியம் என்றமையால் கணக்கு வேண்டாமென்று எவரும் கருதலாகாது. ஒலுவிலின் கரை தின்னப்பட்டது கடனின் வட்டியால் அன்று. எச்சரக்கு வரும், எவ்வளவு வரும், ஆண்டுதோறும் மணல் தோண்டும் செலவை எவர் ஏற்பார் என்பன அணையை விரிக்குமுன் விடைகாணப்பட வேண்டியவை. அருகிலேயே மயிலிட்டித் துறை இருக்கின்றது. அதன் மக்கள் 1990 இல் பெயர்க்கப்பட்டு 2017 இலேயே தம் மண்ணின் ஒரு பகுதியை மீண்டும் மிதித்தவர்கள். மணல் நகர்வு குறித்த ஆய்வறிக்கை முதலில் அவர்கள் கைக்குத் தமிழில் கிடைத்தல் வேண்டும். அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுவோர், அணையைக் கட்டும் நிறுவனத்தில் சம்பளம் பெறாதவராய் இருத்தல் வேண்டும்.