அதிகமா விளையும் ரகம்தான் நல்ல ரகமா? கொண்டைக்கடலை சொல்லும் கணக்கு

நெய்வேலி டவுன்ஷிப் மளிகைக் கடைகளில் கொண்டைக்கடலை இல்லாத நாளே கிடையாது. நவராத்திரி வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனால் முந்திரி, மல்லாட்டை, நெல், உளுந்துதான் கண்ணில் படும். கொண்டைக்கடலை வயலைத் தேட வேண்டியிருக்கும்.

காரணம் மண்ணும் மழையும். கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால், கரிசல் மண்ணில் தங்கியிருக்கும் ஈரத்தை வைத்தே வளர்ந்து முடித்துவிடும். இந்தப் பக்கத்துச் செம்மண் அப்படி ஈரத்தைப் பிடித்து வைக்காது. போதாக்குறைக்கு, கடலூர் மாவட்டத்தில் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். வேரில் தண்ணீர் நின்றால் பயிர் காலி.

சரி, ஏற்ற மண் இருந்தால் மட்டும் போதுமா? அங்கேயும் எந்த ரகத்தைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு ரகம் மூன்று வருஷத்தில் ஏக்கருக்கு 10, 4, 10 குவிண்டால் தருகிறது. இன்னொரு ரகம் 7, 8, 7. சராசரி பார்த்தால் முதல் ரகம் 8, இரண்டாவது ஏழே சொச்சம். முதல் ரகம்தான் ஜெயித்தது மாதிரி தெரியும். ஆனால் செலவை எடுக்கவே 6 குவிண்டால் வேண்டும் என்றால்? முதல் ரகம் போட்டவர் அந்த நடு வருஷத்திலேயே கடனாளி. அடுத்த வருஷம் விதைக்கக் கையில் பணம் இருக்குமா என்பதே சந்தேகம்.

இதைத்தான் வேளாண் விஞ்ஞானிகள் 'விளைச்சல் நிலைத்தன்மை' என்கிறார்கள். 1963-ல் ஆஸ்திரேலியாவில் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் பார்லி ரகங்களைப் பல இடங்களிலும் பல பருவங்களிலும் விதைத்து, இதை அளக்க ஒரு வழி சொன்னார்கள். சூழல் மேம்பட மேம்பட ஒரு ரகத்தின் விளைச்சல் எவ்வளவு ஏறுகிறது, மோசமானால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்த வழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா வருஷமும் 3 குவிண்டால் மட்டும் தரும் ரகமும் 'நிலையானது'தான்! அதனால் என்ன லாபம்? நல்ல மழைக்கு நல்லா ஏறணும், கெட்ட வருஷத்தில் பாதாளத்துக்குப் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்த ரகம் கிடைப்பது லேசல்ல.

ஆந்திராவில் நடந்தது

அப்படிக் கிடைத்த ஒன்றுதான் ஜேஜி 11. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட்டும் சேர்ந்து உருவாக்கி, தென்மாநிலங்களுக்காக 1999-ல் வெளியிட்டவை. வாடல் நோயைத் தாங்கும். சுமார் 100 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

தெற்கே குளிர்காலம் குட்டை. பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்து, காய் பிடிப்பது குறையும். மண்ணின் ஈரமும் அதற்குள் வற்றிவிடும். சீக்கிரம் முடிகிற ரகம் இந்த இரண்டிலிருந்தும் தப்பித்துவிடுகிறது. பிரகாசம், கர்னூல் பக்கக் கரிசலில் அது பரவியது இப்படித்தான். ஒருங்கிணைந்த ஆந்திராவில் 2000-க்கும் 2009-க்கும் இடையில் கொண்டைக்கடலை உற்பத்தி ஏறக்குறைய 9 மடங்கானது. பரப்பு கூடியது ஒரு காரணம், ஏக்கருக்கான விளைச்சல் கூடியது இன்னொரு காரணம்.

அதுக்காக எல்லா இடத்துக்கும் ஜேஜி 11 என்று முடிவு கட்டிவிட முடியாது. நெல் அறுத்த பிறகு தாமதமாக விதைக்கும் வயல்களில் வெப்பம்தான் பெரிய எதிரி. அதற்கென்று வெப்பம் தாங்கும் ஜேஜி 14 வந்தது.

விளைச்சல் ஆடினால் விலையும் ஆடும். விலை ஏறியபோது, 2024 மே மாதம் கறுப்புக் கொண்டைக்கடலைக்கு இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீத வரி திரும்ப வந்தது.

நெய்வேலிக்கு இதில் என்ன?

கடலூர் மாவட்ட விவசாயிக்கு இதே கேள்வி உளுந்தில் வருகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காய்வதற்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். பிறகு பனியும் மிச்ச ஈரமும்தான் துணை. புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் ஆராய்ச்சி நிலைய ரகமா, ஆடுதுறை ரகமா என்று தேர்ந்தெடுக்கும்போது, "அதிகபட்சம் எவ்வளவு வரும்?" என்பதோடு, "மழை தவறின வருஷம், மஞ்சள் தேமல் நோய் வந்த வருஷம் எவ்வளவு வந்துச்சு?" என்றும் வேளாண் அலுவலரிடம் கேட்கலாம். மல்லாட்டை, எள் என்றால் பக்கத்திலேயே விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.