பழைய புல்லட்டை ஹார்ட்டெயில் சாப்பர் ஆக்கலாமா? வெல்டிங் போடும் முன் தெரிய வேண்டியவை

மதுரை பைபாஸ் ரோட்டுப் பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்.

“அண்ணே, அப்பாவோட பழைய புல்லட் சும்மா நிக்குது. பின்னாடி ஷாக்ஸ கழட்டிட்டு, நேரா பைப் வச்சு வெல்டு பண்ணி சாப்பர் ஆக்கிரலாமா?”

“ஆக்கிரலாம் தம்பி. ஆர்.சி. எப்ப முடியுது?”

மெக்கானிக் கேட்கும் அந்த எதிர்க்கேள்விதான் முக்கியமானது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வண்டியைப் பிரிப்பதும் அறுப்பதும் பெயின்ட் அடிப்பதும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன ஆனது என்பதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

ஹார்ட்டெயில் என்றால்?

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் இல்லாமல், சக்கரத்தின் ஆக்சில் நேரடியாக ஃபிரேமிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அது ஹார்ட்டெயில். ஒரு காலத்தில் எல்லா பைக்கும் அப்படித்தான் இருந்தன. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய பைக்குகளுக்குப் பின்பக்க ஷாக்ஸ் கொடுத்ததே 1958-ல் வந்த டியோ கிளைடில்தான். பிறகு 1969-ல் ‘ஈஸி ரைடர்’ படம் வந்தது. நீண்ட முன் ஃபோர்க்கும் ஷாக்ஸ் இல்லாத பின்பக்கமுமாக அதில் வந்த சாப்பர், உலகம் முழுக்க இளைஞர்களின் கனவு வண்டியானது.

இதில் ஒரு முரண் உண்டு. ராயல் என்ஃபீல்டு புல்லட், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் கொண்டுவந்த முன்னோடி பைக்குகளில் ஒன்று. இங்கிலாந்தில் 1949-ல் அந்த வடிவில் விற்பனைக்கு வந்தது. 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோதும் அதே அமைப்புதான். மோசமான சாலையையும் தாங்கும் என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாகத்தைத்தான் இப்போது கட்டர் வைத்து அறுக்கக் கிளம்புகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பூசி மெழுகாமல் சொன்னால், ஃபிரேமை அறுத்து ஹார்ட்டெயில் ஆக்கிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கட்டமைப்பை மாற்றி, அதனால் வண்டியின் அடிப்படைத் தன்மை மாறினால் அதுதான் ‘மாற்றம்’ என்று விளக்கமும் அதிலேயே இருக்கிறது. ஹார்ட்டெயிலில் வீல்பேஸ், எடை, இருக்கை எண்ணிக்கை என ஆர்.சி.யில் உள்ள பல விவரங்கள் ஒரே நேரத்தில் மாறிவிடும். ஃபிரேமின் முன்கழுத்தை அறுத்துச் சாய்த்தால், பல பைக்குகளில் சேஸ் நம்பர் பொறித்த இடமே அடிபடும். அது திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கும் வழிவிடும்.

“கேரளாவுல எல்லாம் ஓடுதே” என்பது பட்டறைகளில் அடிக்கடி வரும் பதில். கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதைத் தெளிவாக்கியது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, மாநில விதிகளைக் காட்டி 52-வது பிரிவைத் தாண்ட முடியாது என்று கூறி, கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

“ஃபைன்தானே, கட்டிக்கலாம்” என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாப்பர் ஆக்கப்படுபவை பெரும்பாலும் 15 வயதைத் தாண்டிய வண்டிகள்தான். டி.என். 58, 59, 64 என எந்த நம்பராக இருந்தாலும் அந்த ஆய்வுக்குப் போய் நின்றாக வேண்டும்.

இன்னொன்று இன்சூரன்ஸ். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை நிறுவனம் மறுக்க இடமுண்டு. அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடமே வசூலிக்கும் வழியையும் அது தேடலாம். ஒரு உயிர் போனால் அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். அதற்கு முன்னால் 5,000 ரூபாய் ஃபைன் எம்மாத்திரம்?

ஸ்பீட் பிரேக்கரில் என்ன நடக்கும்?

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இயற்பியல் விடாது. இந்திய சாலைகள் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. அந்த வேகத்தில் அதைத் தாண்ட அரை நொடிக்கு மேல் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் கால் நொடிகூட ஆகாது. அதில் பாதி நேரத்துக்குள் பின்சக்கரம் 10 செ.மீ. மேலே ஏறியாக வேண்டும். ஷாக்ஸ் இருந்தால் சக்கரம் மட்டும் ஏறும். இல்லாவிட்டால் ஃபிரேம், சீட், ஓட்டுபவரின் முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து ஏற வேண்டும். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் குறுகிய மேடுகளில் இது இன்னும் மோசம்.

சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்தால் இடுப்பு கொஞ்சம் தப்பிக்கும். ஃபிரேம் தப்பிக்காது. ஒவ்வொரு பள்ளமும் வெல்டிங் போட்ட இடத்தில் ஒரு அடி. கண்ணுக்குத் தெரியாத கீறல் மெல்ல மெல்ல வளர்ந்து, ஒருநாள் ரிங் ரோட்டில் விட்டுப்போகும். கரடுமுரடான சாலையில் பின்சக்கரம் துள்ளுவதால் பின் பிரேக்கும் முழுதாகப் பிடிக்காது.

அடுத்தது முன்பக்கம். ஸ்டீயரிங் அச்சு வழியாக ஒரு கோடு இழுத்தால், அது முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். அந்த இடைவெளிக்கு ‘டிரெயில்’ என்று பெயர். வண்டி தானாக நேராக ஓடுவதற்கு அதுதான் முக்கியக் காரணம். ஃபோர்க்கை மட்டும் அதிகமாகச் சாய்த்தால் டிரெயில் கூடும். மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் பார் ஒரு பக்கமாகச் சரியும். கீழமாசி வீதி நெரிசலில் அப்படி ஒரு வண்டியை ஓட்டுவது கொடுமை. அதைச் சரிசெய்வதாகக் கணக்குப் பார்க்காமல் ஃபோர்க் பிடிக்கும் பிளேட்டின் கோணத்தை மாற்றினால் டிரெயில் தேவைக்கும் கீழே போய்விடும். அப்போது வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பிக்கும். இரண்டில் இதுதான் ஆளைக் கொல்லும்.

கண்காட்சிக்காகக் கட்டினாலும்...

பொதுச்சாலைக்கு இல்லை, கண்காட்சிக்கும் தனியார் இடத்துக்கும்தான் என்று முடிவெடுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல கைத்தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கும் விதிகள் உண்டு.

தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. அது இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. துத்தநாகப் பூச்சு எரியும் புகை வெல்டருக்கும் கெடுதல். சுவர் கனம் தெரிந்த, தையல் இல்லாத ஸ்டீல் குழாய் வேண்டும். இரண்டு குழாய்களைச் சும்மா முட்டவைத்து ஒட்டாமல், உள்ளே இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி வெல்டு செய்ய வேண்டும். அழகுக்காக வெல்டிங்கைக் கிரைண்டர் போட்டு வழித்தெடுப்பது பட்டறைகளில் சகஜம். பலம் அங்கேதான் போகிறது.

பழைய புல்லட்டில் எஞ்சினே ஃபிரேமின் ஒரு பாகமாக நின்று பாரம் தாங்குகிறது. எஞ்சினை இறக்கிவிட்டு, ஜிக் இல்லாமல் ஃபிரேமை அறுத்தால் கோணம் ஓடிவிடும். அப்புறம் இரண்டு சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. வேலை முடிந்ததும் டை பெனட்ரன்ட் ஸ்பிரே அடித்துப் பார்த்தால் மேற்பரப்பில் உள்ள கீறல் சிவப்புக் கோடாகத் தெரியும். பெரிய செலவில்லை.

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி தூரமாக வைத்துவிட்டுத்தான் வெல்டிங் ராடைத் தொட வேண்டும். “காலி டேங்க்தானே” என்பது ஆபத்தான பேச்சு. காலி டேங்க்கில் இருப்பது பெட்ரோல் ஆவி. நிறைந்த டேங்க்கைவிட அது வெடிக்கும் வாய்ப்பு அதிகம்.

வேறு வழி இல்லையா?

தோற்றம்தான் வேண்டும் என்றால் இருக்கிறது. ஹார்லியே 1984 மாடலாக ‘சாஃப்டெயில்’ கொண்டுவந்தது; ஷாக்ஸை அடியில் ஒளித்து, பார்க்க மட்டும் ஹார்ட்டெயில் போலச் செய்த வண்டி அது. இந்தியாவில் ஜாவா பெராக் அதே யோசனையில் ஒற்றை சீட்டோடு கம்பெனியிலிருந்தே வந்தது. எல்லா ஒப்புதலும் பெற்ற வண்டி. பழைய புல்லட்டைத்தான் அழகாக்க வேண்டும் என்றால், ஃபிரேமையும் ஸ்விங் ஆர்மையும் தொடாமல் டேங்க் பெயின்ட், சீட் கவர், விளக்கு என்று நிறுத்திக்கொள்ளலாம். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். சைலன்சரையும் சேலை கார்டையும் கழற்றக் கூடாது. பின்னால் ஆள் உட்காரும் பைக்கில் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய விதி.

அரசின் பக்கமும் ஒரு குறை உண்டு. பிரிட்டனில் தனியொருவர் கட்டிய பைக்கைக்கூட ஒற்றை வாகனமாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஜெர்மனியில் பொறியாளர் பரிசோதித்து, மாற்றத்தை வண்டியின் ஆவணத்திலேயே எழுதித் தருகிறார். இங்கே பெரிய நிறுவனங்களுக்கான மாதிரி ஒப்புதல் முறைதான் உண்டு. ஒரே ஒரு வண்டி கட்டும் பட்டறைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது. தனி வண்டியைச் சோதித்து, நியாயமான கட்டணத்தில் சான்று தரும் விதிதான் இல்லை. அது வராதவரை நல்ல வெல்டரும் அரைகுறை வெல்டரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். வாடிக்கையாளருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஏற்கெனவே மாற்றப்பட்ட சாப்பரை விலை குறைவு என்று வாங்க நினைப்பவர்கள், ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கையையும் வீல்பேஸையும் வண்டியோடு டேப் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சேஸ் நம்பரைச் சுற்றி புது பெயின்ட்டோ கிரைண்டர் தடமோ தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் போகும் நாளில் அந்தச் சிக்கல் வாங்கியவர் தலையில்தான் வந்து விழும்.