ஊர்பேரற்ற கல்

விண்கல் தேடலைப் பற்றி எழுதுவோர் 'வேட்டை' என்ற சொல்லைத் தவறாமல் கையாள்கிறார்கள். வேட்டை என்றால் இரை எய்தவனுக்கே. அச்சொல்லை ஏற்றுக்கொண்ட கணமே, பாலையில் கிடக்கும் கல் யாருடையது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. நாம் எழுப்ப விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

2023 நவம்பரில் நைஜர் நாட்டின் அகதெஸ் பகுதியில், சஹாராவில், 24.67 கிலோ எடையுள்ள கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. செவ்வாயிலிருந்து பூமிக்கு வந்த கற்களில் அறியப்பட்டவற்றுள் இதுவே மிகப் பெரியது. 2025 ஜூலையில் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், கட்டணங்கள் உட்பட ஏறத்தாழ 53 லட்சம் டாலருக்கு அது விலைபோனது. அதன் பின்னரே நைஜர் அரசு விசாரணையை அறிவித்தது. விண்கற்களின் ஏற்றுமதியையும் நிறுத்திவைத்தது. நடைமுறைகள் யாவும் பின்பற்றப்பட்டன என்கிறது ஏல நிறுவனம். அப்படியே இருக்கட்டும். நம் ஆட்சேபம் நடைமுறையோடு நின்றுவிடுவதல்ல.

கிடைத்த இடத்தின் பெயரை விண்கல்லுக்குச் சூட்டுவதே மரபு. இந்தக் கல்லின் பெயரோ 'வடமேற்கு ஆப்பிரிக்கா 16788'. மொராக்கோச் சந்தைகளின் வழியே, கிடைத்த இடம் உறுதிப்படாமல் வந்துசேர்ந்த ஆயிரக்கணக்கான கற்களுக்காக உருவான பொதுப்பெயர் அது. ஊரும் பேரும் இல்லாதவற்றுக்கு ஓர் எண்.

இடம் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். சூடானைப் பார்ப்போம். 2008 அக்டோபர் 6 அன்று விண்ணிலேயே கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று, மறுநாள் நூபியப் பாலைவனத்தின் மேலே வெடித்துச் சிதறியது. அவ்வாண்டு டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும், முவாவியா ஷத்தாத், பீட்டர் ஜெனிஸ்கன்ஸ் ஆகியோருடன் வரிசையாக நடந்து தேடினார்கள். பின்னர் நடந்த தேடல்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கான துண்டுகள் சேகரிக்கப்பட்டன. அக்கற்களுக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர்: அல்மஹாதா சித்தா, அதாவது ஆறாம் நிலையம். அத்துண்டுகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை தனித்தனியே சந்தைக்குப் போயிருந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத கற்களாகவே கருதப்பட்டிருக்கும். பலவகைப் பாறைகள் கலந்து உருவான சிறுகோள் அது என்பதை விழுந்த களமே சொன்னது.

வணிகம் இல்லையேல் பாதிக் கற்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. செவ்வாயின் தொல்பழம் மேலோட்டைப் பற்றிப் புதிய அறிவைத் தந்த 'வடமேற்கு ஆப்பிரிக்கா 7034' மொராக்கோவில் விலைக்கு வாங்கப்பட்டதே. கல்லைத் தேடிப் பிழைக்கும் நாடோடி மக்களை நாம் குறைகூறவில்லை. அவர்களுடைய உழைப்புக்கு நியாயமான கூலியும், கிடைத்த இடத்தைப் பதிவதற்கு ஊக்கத்தொகையும் தரும் ஏற்பாடு வேண்டும் என்கிறோம். வணிகம் இன்று பெருமளவில் கல்லுக்குத்தான் விலை தருகிறது, தகவலுக்கு அல்ல.

ஆய்வுக்கென்று ஒதுக்கியாக வேண்டிய பங்கு எவ்வளவு தெரியுமா? 20 கிராம், அல்லது எடையில் 20 சதவீதம். இவற்றில் எது குறைவோ அது. 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல்லிலும் விதிப்படி அறிவுலகின் உரிமை ஒரு கைப்பிடிகூட இல்லை. எஞ்சியது செல்வர் ஒருவரின் கண்ணாடிப் பேழைக்குப் போகலாம். தடுக்க அந்த விதியில் இடமில்லை.

அபூர்வம் என்று சொல்லி விலையேற்றுகிறவர்களே அபூர்வத்தின் சரித்திரத்தை அழிக்கிறார்கள். இதற்கு வேட்டை என்பதல்ல பெயர், சூறை.