பெட்டி அச்சுக்குப் போகும் முன்



தோர்ண்டன் ஹீத் லண்டன் ரோட்டுக் கடைகளில் தமிழ் எழுத்துள்ள உறைகளைப் பார்க்க எங்களுக்கு எப்போதும் ஆசைதான். வீட்டில் பலகாரம் செய்து விற்கத் தொடங்கும் மாமிமார், பெட்டிக்கு டிசைன் போடும் வேலையை உங்களிடம்தான் தருகிறார்கள். "உனக்குத்தானே கம்ப்யூட்டர் தெரியும்" என்றதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே இம்முறை அதைப் பற்றி எழுதுகிறோம்.

பெட்டியை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் வரைபடத்தை அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள். அந்தக் கோடுகள் தனி லேயரில் இருக்கட்டும், அவை அச்சாகக்கூடாது. பின்னணி நிறம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. போகவேண்டும், எழுத்து அதே அளவு உள்ளே நிற்கவேண்டும். படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ. நிறங்கள் சிஎம்வைகே. திரையில் மின்னும் பச்சை காகிதத்தில் மங்கும். அதற்காக அச்சகத்தாரோடு சண்டை போடாதீர்கள்.

தமிழ் எழுத்துதான் பெரிய தொல்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள். உங்கள் எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இராது என்பதால் எழுத்துகளை அவுட்லைனாக்கி அனுப்புங்கள். ஆனால் அவுட்லைனாக்காத பிரதி ஒன்று கையில் இருக்கவேண்டும். பிறகு சொற்களைத் திருத்த அது ஒன்றுதான் வழி.

திருத்தம் வரத்தான் செய்யும். மிக்சர் உறையில் 'பெருங்காயம்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை, எள்ளு, கடுகு, கச்சான், கஜு, பால் எல்லாம் இந்நாட்டுச் சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் வருபவை. தேங்காய் அதில் இல்லை. பட்டியலை ஆங்கிலத்தில் கட்டாயம் போடவேண்டும். அந்தப் பெயர்களைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். சிறிய 'எக்ஸ்' எழுத்தின் உயரம் 1.2 மி.மீ.க்குக் குறையக்கூடாது, மிகச் சிறிய உறைக்கு 0.9. கறுப்பு மை ஒன்றாலேயே அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையும் சேர்ந்தால், சற்று விலகினாலும் வாசிக்கமுடியாது.

2016இல் நடாஷா எட்னான்-லபெரூஸ் என்ற 15 வயதுப் பிள்ளை, ஹீத்ரோவில் வாங்கிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்துபோனாள். ரொட்டி மாவுக்குள் எள்ளு இருந்தது. உறையில் அந்தச் சொல் இல்லை. அவள் பெயரால் வழங்கும் சட்டப்படி, 2021 அக்டோபர் 1 முதல் கடையிலேயே பொதி செய்து விற்கும் உணவுக்கும் முழுப் பட்டியல் வேண்டும்.

கோப்பை அனுப்புமுன் வீட்டு பிரின்டரில் முழு அளவில் அச்சிட்டு, வெட்டி, மடித்துப் பாருங்கள். பலகாரம் செய்த மாமியையே பட்டியலை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.